சர்க்கரையும் கண் மங்கலும் இருக்கும்போது வண்டி ஓட்டுவது: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலங்கைமான் பக்கம் விதை, உரக் கடை வைத்திருக்கிறேன். 19 வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. அது இரண்டு கண்ணின் விழித்திரையையும் தொட்டுவிட்டது. லேசர் போட்டிருக்கிறேன், கண்ணுக்குள் ஊசியும் போட்டிருக்கிறேன். முதலில் ராத்திரி ஓட்டுவதை விட்டேன், பிறகு காரை விட்டேன். இப்போது எந்த வண்டியும் ஓட்டுவதில்லை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. "அண்ணே, நான் ஓட்டலாமா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அவர்கள் கேட்டதையும், நான் சொன்னதையும், என் கண் டாக்டரிடம் கேட்டுத் தெளிந்ததையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் கண்ணைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்தான்.

ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையை நன்றாகவே படிக்கிறேன். சாயங்காலம் ரோட்டில் மட்டும் ஏன் தடுமாறுகிறேன்?

எனக்கும் இதே குழப்பம் இருந்தது. அதற்கு நான் கொடுத்த விலை ஒரு கை எலும்பு.

அது ஒரு தை மாதம். நீடாமங்கலத்திலிருந்து மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தேன். மணி ஆறே கால் இருக்கும். சம்பா அறுவடை நேரம். ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். வண்டிகள் ஏறிவிடக் கூடாது என்று ஓரத்தில் வரிசையாகக் கருங்கல் வைத்திருந்தார்கள். நெல் எனக்குத் தெரிந்தது. கல் தெரியவில்லை. கறுப்பு ரோட்டில் கறுப்புக் கல், மங்கிய வெளிச்சம். முன் சக்கரம் ஏறிக் கவிழ்ந்தேன். இரண்டு அடி தள்ளி விழுந்திருந்தால் வாய்க்கால். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் பலகையில் ஆறுக்குப் பன்னிரண்டு வரிவரை (நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) படித்துவிட்டு, "பரவாயில்லை" என்ற வார்த்தையோடு வீட்டுக்கு வந்திருந்தேன்.

டாக்டர் பிறகு விளக்கினார். பலகையில் இருப்பது வெள்ளையில் கறுப்பு எழுத்து. பின்னால் நல்ல வெளிச்சம், நாம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம். அது கண்ணின் கூர்மையை மட்டும் அளக்கும். சாம்பலுக்குள் சாம்பலைப் பிரித்துப் பார்க்கும் திறன் வேறு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மாறும்போது கண் பழகிக்கொள்ளும் வேகம் வேறு. பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது என்பதும் வேறு. விழித்திரை பாதித்தவர்களுக்குக் கூர்மை ஓரளவு நிற்கும்போதே மற்ற மூன்றும் குறையலாம். நம் ரோட்டில் அந்த மூன்றும்தான் அதிகம் தேவைப்படுகிறது. எருமை, பின் விளக்கு இல்லாத டிராக்டர், அழுக்கு வேட்டியோடு சைக்கிளில் வரும் பெரியவர், அறுவடை மெஷின் கொட்டிவிட்டுப் போன சேறு, இதில் எதுவும் வெள்ளையில் கறுப்பாக வருவதில்லை.

அதனால் டாக்டரிடம் "எத்தனை வரி படிச்சேன்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பக்கப் பார்வை அளந்து பாருங்க, ராத்திரி ஓட்டலாமான்னு சொல்லுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாம் வண்டி ஓட்டுகிறோம் என்பதே பல நேரம் அவருக்குத் தெரியாது. என் டாக்டருக்கும் நான் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? சர்க்கரை இருந்தால் லைசென்ஸ் கிடையாதா?

சர்க்கரை இருக்கிறது என்பதற்காக மட்டும் சொந்த வண்டி லைசென்ஸை யாரும் மறுப்பதில்லை. லைசென்ஸுக்கு நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் படிவம் 1 என்று ஒன்று இருக்கிறது. திடீரென்று நினைவு தப்புமா, தலை சுற்றுமா, பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பலகையைப் படிக்க முடியுமா (கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு), மாலைக்கண் உண்டா, ஓட்டினால் மற்றவர்களுக்கு ஆபத்து உண்டாக்கும் வேறு நோய் உண்டா என்றெல்லாம் அதில் கேள்வி வரும். 40 வயது தாண்டியவர்கள் படிவம் 1ஏ-வில் டாக்டர் சான்றிதழும் வைக்க வேண்டும்.

இங்கே பலர் அந்தப் படிவத்தைப் படிப்பதே இல்லை. யாரோ பூர்த்தி செய்கிறார், நாம் கையெழுத்துப் போடுகிறோம். தயவுசெய்து அதை ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள். 25 மீட்டர் சோதனையை இன்றே வீட்டு வாசலில் செய்து பார்க்கலாம். நல்ல எட்டாக 33 எட்டு நடந்தால் ஏறக்குறைய 25 மீட்டர். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. அந்த 25 மீட்டரைக் கடக்க இரண்டே கால் நொடி போதும். அந்த தூரத்திலும் நம்பர் மங்கலாகத் தெரிந்தால், பிரேக் பிடிக்க நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-வது பிரிவு, தன் நோயாலோ உடல் குறையாலோ மற்றவர்களுக்கு ஆபத்து என்று தெரிந்தும் பொது இடத்தில் ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் முதல் தடவை 1,000 ரூபாய் வரை, மறுபடி செய்தால் 2,000 ரூபாய் வரை. தொகை சின்னதுதான். "தெரிந்தும்" என்ற வார்த்தைதான் என்னை உலுக்கியது. லைசென்ஸில் இன்னும் நாலு வருடம் மிச்சம் இருக்கலாம். அது அன்றைக்கு நாம் எப்படி இருந்தோம் என்பதற்கான காகிதம். இன்றைக்குக் கண் எப்படி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

ஒரு வாரம் பளிச்சென்று தெரிகிறது, அடுத்த வாரம் மங்கல். கண்ணாடி மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது கண்ணின் லென்ஸ் நீர் கோத்து அதன் பவர் மாறிவிடும். இறங்கியதும் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். புதிதாக இன்சுலின் தொடங்கியவர்களுக்கும் சில வாரம் இப்படி இருக்கலாம். அந்த நேரத்தில் அளந்த கண்ணாடி அடுத்த மாதம் பொருந்தாமல் போகும். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்த பிறகு அளந்துகொள்ளுங்கள். அதுவரை, மங்கலான நாளில் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.

ஆனால் திடீரென்று கண்ணுக்கு முன்னால் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, மின்னல் மாதிரி வெட்டினாலோ, திரை இறங்குவது போல ஒரு பக்கம் மறைந்தாலோ அது வேறு விஷயம். விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கலாம், விழித்திரை பிரிந்தும் இருக்கலாம். வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

லோ சுகர் வந்தால் உடம்பு காட்டிக்கொடுத்துவிடுமே, அப்போது நிறுத்தினால் போதாதா?

போதாது. பல வருடம் சர்க்கரை இருந்தவர்களுக்கு அந்த எச்சரிக்கையே மழுங்கிவிடும். புதிதாக நோய் வந்தவருக்கு வியர்க்கும், கை நடுங்கும், பசி கிள்ளும். எனக்கு இப்போதெல்லாம் அது எதுவும் வருவதில்லை. நேரே குழப்பம்தான். குழம்பிய மூளைக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது. ரோட்டில் இதைவிட ஆபத்து எது?

எல்லா மருந்தும் இப்படிச் செய்யாது. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும்தான் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு லோ சுகர் அபூர்வம். உங்கள் மாத்திரை எந்த வகை என்று ஒரு தடவை டாக்டரிடமோ மருந்துக் கடையிலோ கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்திருப்பார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் காபியோடு வண்டியை எடுப்பார்கள். "வந்து சாப்பிட்டுக்கலாம்" என்ற நினைப்பு. வயலில் மடை திருப்பி, வரப்பு வெட்டி, எட்டு மணி ஆகிவிடும். உடல் உழைப்பு சர்க்கரையை இன்னும் இறக்கும். திரும்பி வருகிற அந்த மூன்று கிலோமீட்டர் கரை ரோட்டில்தான் விபத்து. "தூங்கிட்டார் போல" என்பார்கள். தூக்கமாக இருக்காது.

நான் ஓட்டிய காலத்தில் கடைப்பிடித்தது இது. கிளம்பும் முன் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பேன். 90-க்குக் கீழே இருந்தால் சாப்பிடாமல் கிளம்ப மாட்டேன். 70-க்குக் கீழே இருந்தால் அது லோ சுகர், ஓட்டும் பேச்சே இல்லை. நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்ப்பேன். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும். வண்டிப் பெட்டியில் வைத்தால் நடுங்குகிற கையால் பூட்டைத் திறக்க முடியாது, பையில்தான் வைக்க வேண்டும்.

ஓட்டும்போது ஏதோ சரியில்லை என்று தோன்றினாலே ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு இறங்கிவிடுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது அந்த அளவு குளுக்கோஸ் சாப்பிடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். சரியான பிறகும் முக்கால் மணி நேரம் உட்காருங்கள், பிஸ்கட்டோ இட்லியோ சாப்பிடுங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறிய பிறகும் மூளை தெளிய நேரம் எடுக்கும். இந்த முக்கால் மணி நேரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

கண் ஆஸ்பத்திரிக்கு நானே வண்டியில் போய்விட்டு வரலாமா?

போகலாம், வர முடியாது. விழித்திரை பார்க்கச் சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிப்பார்கள். அது சுருங்கப் பல மணி நேரம் ஆகும். அதுவரை கிட்டத்தில் இருப்பது மங்கும், மத்தியான வெயில் கண்ணுக்குள் ஊசியாய் இறங்கும். ஊசி போட்ட நாளிலும் லேசர் போட்ட நாளிலும் இன்னும் மோசம். ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நிற்கும் மொபெட்டுகளைப் பார்த்தாலே எனக்குப் பதைக்கிறது. பஸ்ஸில் போங்கள், இல்லையென்றால் கூட ஒருவரைக் கூட்டிப்போங்கள். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் எடுத்துப்போனால் திரும்பும்போது உதவும்.

வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை கட்டாயம். கண் நன்றாகத் தெரிகிற காலத்திலேயே செய்ய வேண்டும், ஏனென்றால் ஆரம்பத்தில் விழித்திரைப் பாதிப்புக்கு எந்த அறிகுறியும் கிடையாது. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு சர்க்கரை மாத்திரை பலருக்கு வீட்டுக்கே வருகிறது. பெரிய உதவி அது. ஆனால் மாத்திரை வந்துவிடுகிறதே என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்களையும் பார்க்கிறேன். கண்ணைக் காட்ட நாம்தான் போக வேண்டும்.

லேசர் போட்ட பிறகு ராத்திரி முன்பைவிடக் குறைவாகத் தெரிகிறது. தப்பாகப் போட்டுவிட்டார்களா?

இல்லை. முற்றிய நிலையில் புதிதாக முளைக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் உடைந்து பார்வையே போய்விடும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்க விழித்திரையின் ஓரப் பகுதிகளில் நிறையப் புள்ளிகளாக லேசர் போடுகிறார்கள். நடுப்பார்வையைக் காப்பாற்ற ஓரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். ராத்திரிப் பார்வையும் பக்கப் பார்வையும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. லேசர் போட்டதால்தான் இன்றைக்கு என் பேத்தி முகம் தெரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு ராத்திரி ஓட்டுவதை நான் யோசிக்கவே இல்லை.

கண் அழுத்த நோய்?

அது ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் பார்வையைத் தின்னும். தெரியாத இடத்தை மூளையே நிரப்பிக்கொள்வதால் நமக்குக் குறையாகத் தோன்றாது. சந்திலிருந்து வரும் சைக்கிள் "திடீர்னு முளைச்ச மாதிரி" அடிக்கடி தோன்றினால் பக்கப் பார்வையை அளந்து பாருங்கள்.

கால் மரத்திருக்கிறது. கண் நன்றாக இருக்கிறது. ஓட்டலாமா?

பிரேக்கில் கால் இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறோம் என்று பார்க்காமலே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் காரோ பைக்கோ ஓட்டக் கூடாது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்து வந்தவர் ஒருவர், "வண்டி மட்டும் நல்லா ஓட்டுவேன்" என்று என்னிடம் சொன்னார். அவரை அனுப்பிவிட்டு அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

எதிர் வண்டி வெளிச்சம் கூசுகிறது. மஞ்சள் கண்ணாடி வாங்கலாமா?

ராத்திரிக்கு எந்த நிறக் கண்ணாடியும் வேண்டாம். கூச்சம் குறைந்த மாதிரி தோன்றும், ஆனால் கண்ணுக்கு வர வேண்டிய கொஞ்ச வெளிச்சத்தையும் அது குறைத்துவிடும். கூசுவதற்குக் காரணம் கண்புரையா என்று பாருங்கள். அறுவை சிகிச்சையில் சரியாகக்கூடியது அது.

வெயிலுக்கும் ஒரு வார்த்தை. நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர், நீடாமங்கலம் வழியாகத் தஞ்சாவூர் போகும் ரோடு கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. காலையில் நாகைப் பக்கம் போகிறவருக்கும் சாயங்காலம் தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவருக்கும் சூரியன் நேர் முகத்தில். கண் பலவீனமானவர்கள் அந்த ரோட்டில் ஒன்பது மணிக்கு மேல் கிளம்பி நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். மார்கழிப் பனியிலும் ஐப்பசி மழையிலும் அதுவும் வேண்டாம். மழை பெய்து வாய்க்கால் நிரம்பிவிட்டால் ரோடு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று நல்ல கண்ணுக்கே தெரிவதில்லை.

அப்பாவுக்குப் பார்வை குறைந்துவிட்டது. சொன்னால் கோபப்படுகிறார். சாவியை ஒளித்து வைக்கலாமா?

ஒளித்து வைக்காதீர்கள். நாற்பது வருடம் அந்த வீட்டைச் சுமந்த மனிதருக்கு அது அவமானம். என் மகள் செய்ததைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அப்பா, பின்னாடி உட்கார்ந்துக்கிறேன், கும்பகோணம் போய்ட்டு வரலாம்" என்றாள். வழியில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "வலது பக்கத்திலிருந்து வந்த ரெண்டு வண்டியை நீங்க பார்க்கலைப்பா, வழியில ஒரு குழந்தையையும் பார்க்கலை" என்றாள். குரலை உயர்த்தவில்லை. குழந்தை என்றதும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

பொதுவாக "ஓட்டாதீங்க" என்றால் வாதம் வரும். பார்த்ததை அப்படியே சொன்னால் பதில் இருக்காது. அதற்கும் மசியாவிட்டால் டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள். மகன் சொல்வதைவிட அது சீக்கிரம் இறங்கும். கூடவே, "வயலுக்கு யார் கூட்டிப் போவா?" என்ற கேள்விக்குப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பதில் இல்லாமல் சாவியை மட்டும் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

சரி, நிறுத்திவிட்டேன். வயலுக்கும் கடைத்தெருவுக்கும் எப்படிப் போவது?

கஷ்டம்தான். மெயின் ரோட்டில் இருப்பவருக்குப் பஸ் இருக்கிறது. கும்பகோணம் மன்னார்குடி பஸ் எங்களுக்கு அடிக்கடி வரும். உள்ளே மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு மினி பஸ் வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. விவசாயி கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி வந்துச்சான்னு எப்படிப் பார்க்கறது?" என்பதுதான்.

எங்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்து ஒரு ஆட்டோக்காரரிடம் மாதக் கணக்குப் பேசியிருக்கிறோம். காலையில் வயல், பத்து மணிக்குக் கடைத்தெரு, அப்புறம் வீடு. மொபெட்டுக்குப் பெட்ரோல், ரிப்பேர், இன்சூரன்ஸ் என்று போனதை எழுதிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. மடை திருப்பப் பக்கத்து வயல்காரரிடம் ஒரு ஏற்பாடு, அவருக்கு என் கடையில் உரம் கடன்.

பார்வை மிகவும் குறைந்தவர்கள் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் பார்வை ஆறுக்குப் பதினெட்டைத் தாண்டாவிட்டால் அது குறைபார்வை என்ற கணக்கில் வரும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட வரும் துணைக்கும் டிக்கெட் இல்லை.

மறுபடி ஓட்ட முடியுமா?

எதனால் நிறுத்தினீர்கள் என்பதைப் பொறுத்தது. கண்புரை என்றால் அறுவை சிகிச்சை முடிந்து, கண் ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு ஓட்டுகிறவர்கள் நிறைய. லோ சுகர் என்றால் மருந்தை மாற்றிச் சில மாதம் மறுபடி வராமல் இருந்தால் பேசலாம். விழித்திரை நடுவில் வீக்கம் என்றால் ஊசியில் சிலருக்கு நன்றாகவே திரும்புகிறது. எனக்கு ஓரளவு திரும்பியது, ஓட்டும் அளவுக்கு இல்லை.

வண்டியை என்ன செய்தீர்கள்?

காரை விற்றுவிட்டேன். மொபெட்டைக் கடைப் பையன் ஓட்டுகிறான். வசூலுக்குப் போகும்போது பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன், எனக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கியிருக்கிறேன். வெட்டாற்றுப் பாலத்தில் அவன் வேகத்தைக் குறைத்து, "தண்ணி நல்லாப் போவுது மாமா" என்பான். எவ்வளவு போகிறது என்று கேட்பேன். படித்துறையில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எண்ணிச் சொல்வான்.